செசீல் பாரே கூட்டிய எழவு

எங்கள் தலைநகரான வகாதுகுவில், தாப்போயா பேட்டையில், டோலோ என்கிற சோளக் கள்ளைக் காய்ச்சி விற்கிற பெண்கள் அந்தக் காலத்தில் ஏகப்பட்ட பேர். ஒருத்தியின் டோலோ புளிக்கும், இன்னொருத்தியுடையது இனிக்கும். குடியோடு வசவும் சேர்த்து வாங்கிக்கொண்டு போக ஆசைப்பட்டவர்கள் மட்டும் என் பெரியம்மா செசீல் பாரேயின் முற்றத்துக்கு வந்தார்கள். அப்படி ஆசைப்பட்டவர்களும் ஏகப்பட்ட பேர்தான்.

பெரியம்மா தோமா ஊர்ப் பக்கத்துச் சாமோ இனப் பெண். புருஷன் ரயில் பாதை வேலைக்கென்று தெற்கே போனவர் போனவர்தான். அதன் பிறகு செஞ்சோளத்தை முளைகட்டி, காயவைத்து, இடித்து, ஆள் உயரப் பானைகளில் கொதிக்கவைத்து, அந்த வருமானத்தில் தானும் நிமிர்ந்து நின்று ஊரிலிருந்த என் அம்மாவையும் தாங்கினார். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தின் அடியில் அவருடைய பானைக் கரி ஒட்டியிருக்கிறது. அவர் கதையை எழுத எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஆளும் இல்லை.

சாமோக்களான எங்களுக்கும் மோசி இனத்தாருக்கும் நடுவில் உள்ள கேலி உறவு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. சாமோ எந்த மோசியைப் பார்த்தாலும் 'என் அடிமை' என்பான். மோசி எந்தச் சாமோவைப் பார்த்தாலும் 'நாய்த் தலை தின்னி' என்பான். என்ன வைதாலும் கோபம் வரக்கூடாது. கோபப்பட்டவன் கோழி கொடுத்து ஈடுகட்ட வேண்டும். கை நீட்டுவதோ, காட்டிக்கொடுப்பதோ நினைத்தே பார்க்க முடியாது. அது ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்று இரண்டு பக்கமும் நம்பினார்கள்.

பெரியம்மாவின் நிரந்தர அடிமை பக்கத்து வீட்டு நோபிலா தப்சோபா. மாட்டுச் சந்தையில் கால்நடை மருத்துவ உதவியாளர். காக்கிச் சட்டை, தொங்கு மீசை, பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். சாயங்காலம் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைவார்.

"வாடா அடிமை. கழுதைக்கு ஊசி போட்டியா, இல்ல கழுதை உனக்குப் போட்டுச்சா?"

"உன் அண்ணனத்தான் பார்த்துட்டு வரேன். குலைச்சான். நீ சௌக்கியமான்னு கேட்டான்."

"நாயக் கேலி பண்ணாத, திங்கிற நேரத்துல நினைப்பு வரும்."

குடுவையில் ஊற்றி, வழக்கப்படி முதல் மடக்கைத் தான் குடித்துக் காட்டிவிட்டு, அவரிடம் நீட்டுவார். விஷமில்லை என்பதற்கான அடையாளம் அது. நோபிலா வாங்கி மூக்கை உறிஞ்சி, "வெஷம் இருந்தாக்கூட இதவிட ருசியாத்தான் இருக்கும்" என்பார். முற்றமே சிரிக்கும்.

நோபிலாவின் அப்பா இறந்தபோது பெரியம்மா செய்ததைப் பேட்டையில் ரொம்ப நாள் பேசினார்கள். கிழவரின் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே இருமிக்கொண்டு, அவரைப் போலவே மருமகளைத் திட்டிக்கொண்டு நடந்துவந்து, தோண்டிய குழிக்குக் குறுக்கே படுத்துவிட்டார். "என் அடிமைய என்னைக் கேக்காமப் புதைக்கிறீங்களா? கோழி குடுங்க, எந்திரிக்கிறேன்." அழுதுகொண்டிருந்த நோபிலா கண்ணீரோடு சிரித்தார். மோசி வீட்டு எழவில் ஒரு சாமோ வந்து இப்படி வம்பு பண்ணவில்லை என்றால், செத்தவனுக்கு நாதி இல்லை என்று அர்த்தம்.

இந்த முற்றத்துக்குத்தான் சுதந்திரம் வந்தது.

கொடி ஏற்றினார்கள், வாணம் விட்டார்கள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஆகஸ்ட் மாதம். அடுத்து மந்திரிசபை அமைக்க வேண்டும். அதுவரை வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலிகளில் இனி யார் யார் உட்காருவது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. கையெழுத்துப் போடத் தெரிந்த ஒவ்வொருவர் வீட்டிலும் நல்ல சட்டையைத் துவைத்துத் தயாராகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஆனால் பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது. ஆளும் கட்சிக்கு எதிராகக் கூட்டம் போட்டிருந்த சிலர் அந்த வருஷத் தொடக்கத்திலேயே காணாமல் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெரியம்மாவின் முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடிப்பவர். அவருடைய குடுவை மரத்துக் கொக்கியில் அப்படியே தொங்கியது. அதை எடுக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை, அது யாருடையது என்று கேட்கவும் யாரும் துணியவில்லை.

மந்திரி பதவிக்குப் பெயர் அடிபட்டவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சாம்பல் நிறக் கார் ஒன்று பேட்டை பேட்டையாகப் போனது. சிலரை விசாரித்த பிறகு மாலையோடு வந்தார்கள். சிலரை விசாரித்த பிறகு லாரியோடு வந்தார்கள். இரண்டுக்கும் முதலில் வந்தது அதே கார்தான். அதனால் அது எந்தத் தெருவில் திரும்பினாலும் அங்கே உலக்கைச் சத்தம் நின்றுபோகும்.

ஒரு நாள் மத்தியானம் அது நோபிலாவின் வீட்டு வாசலில் நின்றது. கால்நடைத் துறைக்கு ஒரு மந்திரி வேண்டுமாம். நாட்டில் பாதி மாடுகளை நோபிலாவுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

காரிலிருந்து இறங்கியவர் இல்பூதோ. இளம் வயது, வெள்ளைச் சட்டை, மோசிக்காரர், விசாரணை அலுவலகத்தில் அதிகாரி. நோபிலாவின் மனைவி பொக்கோ நாற்காலி கொண்டுவர உள்ளே ஓடினாள். நோபிலா மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமினார். பயந்தால் அவருக்கு அப்படி வரும்.

பெரியம்மா பானை கிண்டிக்கொண்டிருந்த துடுப்போடு வந்து வாசலை மறித்து நின்றார். கல்யாணமோ, பெயர்வைப்போ, மோசி வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் சாமோ வந்து வாசலை மறிப்பது முறை. மறிக்காவிட்டால்தான் அபசகுனம். நோபிலாவின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும், சிரிக்கவைத்தால் சரியாகிவிடுவார் என்றும் நினைத்தாராம்.

"எஜமானியக் கேக்காம அடிமைய விலை பேசுறீங்களா?"

இல்பூதோ புன்னகைத்தார். "சரி எஜமானி. ஆள் எப்படி?"

"இவனா? கோழிக் கூட்டுக்குக் காவல் வச்சா கூட்டையே வித்துடுவான். இவனுக்கு நாற்காலி குடுங்க, மறுநாள் ஜனாதிபதி நாற்காலி சந்தையில கிடக்கும். வெள்ளைக்காரன் கிட்ட துப்பாக்கி வாங்கி என் சோளக் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான் தெரியுமா? ராஜாவாகப் போறானாம் இந்தக் கழுதை வைத்தியன்!"

தெருவே சிரித்தது. நோபிலாவும் சிரித்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது இல்பூதோதான். "நாய்த் தலை தின்னுறவ வாயில வேற என்ன வரும்!" என்று முறையாகத் திருப்பியும் கொடுத்தார். சிரிப்பு அடங்கியதும், கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்:

"எந்தக் குதிரு?"

பெரியம்மா விளையாட்டை விடாமல் துடுப்பை நீட்டிக் காட்டினார். "அதோ, வேலியோரத்துல இருக்கே, அது."

இல்பூதோ அந்தக் குதிர் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்காராமலேயே காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பார்வையைப் பற்றிப் பின்னாளில் பெரியம்மா என்னிடம் சொல்வார்: "சிரிச்ச வாய் இன்னும் மூடல. கண்ணு மட்டும் வேலைக்குப் போயிடுச்சு."

மந்திரிசபை வானொலியில் அறிவிக்கப்பட்ட மாலை, முற்றம் நிறையக் கூட்டம். ரேடியோ வைத்திருந்த தையல்காரர் அதைக் கொண்டுவந்து கவிழ்த்த பானை மேல் வைத்தார். நிதி, உள்துறை, கல்வி என்று ஒவ்வொரு பெயராக வந்தது. கால்நடைத் துறைக்கு வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். இல்பூதோவின் மாமனார். நோபிலா மூச்சை விட்டார். "அப்பாடா, கழுதைங்க பொழைச்சுதுங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது.

நோபிலாவைப் பாதிச் சவரத்தோடு ஏற்றினார்கள். நான்கு பேர் பெரியம்மாவின் குதிர்ச் சுவரைக் கடப்பாரையால் உடைத்து, சோளம் முழுவதையும் மழைச் சேற்றில் கொட்டினார்கள். உள்ளே சோளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அதில் அவர்களுக்கு ஏமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. "வேற எடத்துக்கு மாத்தியிருப்பான்" என்று ஒருவன் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அன்று பொக்கோ வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியை அதற்கு முன் யாரும் வேலியாகப் பார்த்ததில்லை.

"அக்கா, உன் சாட்சியிலதான் புடிச்சோம்னு சொல்றாங்க."

"என்னடி சாட்சி? நான் வைதது வெளையாட்டுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். அதுதான்க்கா பயமா இருக்கு."

பெரியம்மா துணி மாற்றிக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனார். வெகுநேரம் நிற்கவைத்த பிறகு இல்பூதோ உள்ளே கூப்பிட்டார்.

"ஏன்டா அடிமை," என்று ஆரம்பித்தார் பெரியம்மா. முறையை விடவில்லை. "உன் கூடப் பொறந்த அடிமைய எதுக்குடா கட்டி வச்சிருக்க?"

"உக்காருங்கம்மா" என்றார் இல்பூதோ.

பெரியம்மா ஆடிப்போனார். ஆயுசில் ஒரு மோசி அவரை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

"நீங்க சொன்னத எழுதி வச்சிருக்கோம். தெருவுல அத்தனை பேர் கேட்டாங்க."

"அது கேலிதானே தம்பி. நீயும்தான சிரிச்ச?"

"சிரிச்சேன். போன மாசம் வரைக்கும் அது கேலி. இப்ப இது குடியரசு. இங்க சாமோவும் கெடையாது, மோசியும் கெடையாது. குடிமக்கள் சொல்றதும் அரசாங்கம் கேக்குறதும்தான்." மேஜையிலிருந்த குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றி, தான் குடிக்காமல், அவர் பக்கம் தள்ளிவைத்தார். "சொன்னது பொய்யின்னு இப்ப சொல்லுங்க, எழுதிக்கறேன். அரசாங்கத்துக்குப் பொய்த் தகவல் குடுத்தவங்களுக்கு அடுத்த அறை. அவரும் வெளிய வர மாட்டாரு. குடிங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க."

பெரியம்மா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு முற்றத்துக்கு யாரும் வரவில்லை. காய்ச்சிய டோலோ பானையிலேயே கெட்டது. ஆட்கள் எதிர்ப்பக்க ஓரமாக நடந்தார்கள். நோபிலாவைக் காட்டிக்கொடுத்தவள் என்று பாதிப் பேர் ஒதுங்கினார்கள். நோபிலாவின் கூட்டாளி என்று மீதிப் பேர். சேற்றில் கொட்டிய சோளம் அங்கேயே முளைவிட்டது. அதைக் கூட்டி எடுக்கப் பெரியம்மாவுக்குக் கை வரவில்லை. நாய் குலைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தோமாவிலிருந்து என் அம்மா ஆள் அனுப்பினாள்: கிளம்பி ஊருக்கு வந்துவிடு என்று. பெரியம்மா மூட்டை கட்டினார்.

லாரி நிறுத்தத்துக்குப் புறப்பட்ட அன்று பொக்கோ வேலியைத் தாண்டி வந்தாள். கையில் மூடிய தூக்குப் பாத்திரம். தினமும் காவலறைக்குக் கொண்டுபோகிற சாப்பாடு. கீரைக் குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தது.

"திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னு சொல்றாங்க."

"எங்க போனான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'எவரு?'ன்னு கேக்குறாங்க."

பெரியம்மா மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் காக்கிச் சட்டையும் தொப்பியும் எடுத்துட்டு வா. சைக்கிளும் வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"எழவுக்கு."

பொக்கோ அலறிவிட்டாள். பெரியம்மா அவள் வாயைப் பொத்தினார். "கேளுடி. அவனத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா, சாட்சி, அரசாங்கம்னு ஆயிரம் சொல்வாங்க. செத்துட்டான், கோழி குடுன்னு கேட்டா, ஒண்ணு பொணத்தக் காட்டணும், இல்ல ஆளக் காட்டணும். மோசியா பொறந்தவன் அதுக்கு மட்டும் பதில் சொல்லாம இருக்க முடியாது."

"இருந்துட்டா?"

"இருந்துட்டா எனக்கும் சேர்த்து நீயே அழுதுக்க."

புதிய கால்நடை மந்திரி பதவி ஏற்று அலுவலகத்துக்குள் முதல்முறை கால் வைக்கிற நாள் அது. வாசலில் மேளம், சந்தைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், போலீஸ். மந்திரி வயதானவர், நீல அங்கி, முதல் படியில் எந்தக் காலை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் இல்பூதோ.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் நின்று, தொண்டையை ஒரு முறை செருமி, மறுபடி செருமினார்.

அது யாருடைய செருமல் என்று சந்தைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு எழும்பியது. பெரியம்மா நோபிலாவின் நடையில் மந்திரியிடம் போனார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். முதுகில் தட்டி, "வயசு ஆயிடுச்சு, ஆனா வண்டி இழுக்கும்" என்றார், நோபிலாவின் குரலிலேயே. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மந்திரியும் சிரித்தார், சாமோக்காரியிடம் சிரிக்காமல் என்ன செய்வது?

சிரிப்பு ஓரத்திலிருந்து மெல்ல அறுந்துவந்தது. உயிரோடு இருக்கிறவன் சட்டையை யாரும் இப்படிப் போடுவதில்லை. "நோபிலா செத்துட்டாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். "எப்ப?" என்றது இன்னொரு குரல். பொக்கோ தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் போட்டாள். பெண்கள் ஓலமிடத் தொடங்கினார்கள்.

பெரியம்மா போய் அலுவலகத்தின் முதல் படியில் குறுக்கே படுத்தார்.

"என் அடிமையக் கொன்னுட்டீங்க. என்னைக் கேக்காமப் புதைச்சுட்டீங்க. கோழி குடுங்க, எந்திரிக்கிறேன். இல்ல, பொணத்தக் காட்டுங்க."

மேளம் நின்றுவிட்டது. பதவி ஏற்கிற வாசலில், முதல் நாளில், எழவு. மந்திரியின் முகம் சாம்பலாகிவிட்டது. இல்பூதோ போலீஸ்காரர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர்கள் நால்வரும் மோசிகள். ஒருவர்கூட அசையவில்லை. எழவில் படுத்திருக்கிற சாமோவைத் தொட்டுத் தூக்க அவர்களுக்குத் தெரியாது. இல்பூதோவே படியிறங்கி வந்தார். அவருடைய செருப்பு தன் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றதைப் பெரியம்மா பார்த்தார்.

"எந்திரிங்கம்மா" என்றார் மெதுவாக. "இதையும் எழுதிக்குவேன்."

பெரியம்மாவின் கீழ்த்துணி நனைந்துவிட்டது. அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. "எந்திரிக்கலாம்னு நினைச்சேன்டா. காலு வரல. அதனாலதான் படுத்தே கிடந்தேன். எல்லாரும் தைரியம்னு சொல்றாங்க."

மந்திரி அந்தப் படியையும், அதைத் தாண்டி இருக்கிற கதவையும் பார்த்தார். பெரியம்மாவைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை. கடைசியில் ஒரு சிரிப்பு சிரித்தார்.

"நாய்த் தலை தின்னி, ஆட்டையும் மாட்டையும் பார்க்கிறவன் கிட்ட கோழி கேக்குறியா? உன் அடிமை சாகல. நானே சொல்றேன், சாகல." பிறகு மருமகனைப் பார்க்காமலேயே, "எங்க இருந்தாலும் கொண்டுவந்து இவகிட்ட விடு" என்றார்.

எத்தனை பேர் காதில் விழுந்தது அது! இல்பூதோ தலையாட்டினார். அவரும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

நோபிலா வீடு வர மேலும் சில நாள் ஆனது. லாரி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. மீசை இல்லை. இடது காது கேட்கவில்லை. எங்கே வைத்திருந்தார்கள் என்பதைப் பொக்கோவிடம்கூட அவர் சொல்லவில்லை. சைக்கிளில் மறுபடி ஏறவே இல்லை.

மழை நின்ற பிறகு முற்றத்துக்கு மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். பழைய முகங்களோடு சில புது முகங்களும். ஒரு சாயங்காலம் நோபிலா வேலியோரமாக நடந்துவந்து, வழக்கமான இடத்தில் நின்றார். உட்காரவில்லை. காத்திருந்தார். முற்றத்தில் எல்லோரும் குடுவையைக் கீழே வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த முதல் வசவு வேண்டியிருந்தது.

பெரியம்மா குடுவையில் ஊற்றினார். முதல் மடக்கைக் குடித்துக் காட்டினார். நீட்டினார்.

"என்ன நாய்த் தலை," என்றார் நோபிலா, கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு. "அடிமை வந்திருக்கேன். வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

பெரியம்மா வாயைத் திறந்தார். கண் தானாக முற்றத்தைச் சுற்றியது. கொக்கியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குடுவைக்குக் கீழே, வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தான். யார் என்று தெரியவில்லை. பள்ளி வாத்தியாராக இருக்கலாம், சும்மா தாகத்துக்கு வந்தவனாகவும் இருக்கலாம்.

"உக்காருங்க" என்றார் பெரியம்மா. "உக்காந்து குடிங்க, தப்சோபா ஐயா."

நோபிலா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உட்கார்ந்தார்.